இடக்கையில் சின்முத்திரை

வியாழக்கிழமை குருப்பெயர்ச்சி. செவ்வாய்க்கிழமை காலை, திருப்பனந்தாள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தட்சிணாமூர்த்தியை அழைத்துப்போக வந்துவிட்டார்கள். எழுபது வயது சாமிநாத குருக்கள், அறங்காவலர் கலியபெருமாள், பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர், மாலை கட்டிய டாட்டா ஏஸ்.

நான் அப்போது திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் கண்காணிப்பாளர். பூட்டும் காவலும் சரியில்லாத சின்னக் கோயில்களின் ஐம்பொன் திருமேனிகள் எங்களிடம் இருக்கும். விசேஷத்துக்கு ஊர்க்காரர்கள் எடுத்துப்போய், முடிந்ததும் திருப்பி ஒப்படைப்பார்கள். கொடுக்கும்போது பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. எனக்கு முன்னால் இருந்தவர்கள் உயரத்தையும் எடையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நாற்காலிக்கு வந்து இரண்டே மாதமான நான் கடைசி வரி வரை படிப்பேன். சக ஊழியர்கள் இதை ஒரு வியாதி என்றே வைத்திருந்தார்கள்.

உயரம் சரி. எடை சரி. அடுத்த வரி: "முன் இடக்கை சின்முத்திரை, முன் வலக்கை சுவடி."

நிமிர்ந்து பார்த்தேன். சின்முத்திரை என்றால் ஆள்காட்டி விரல் நுனி கட்டைவிரல் நுனியைத் தொட்டிருக்கும், மற்ற மூன்றும் நீண்டிருக்கும். யோகா விளம்பரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் செய்வது அதுதான். என் எதிரே இருந்த தட்சிணாமூர்த்தி அதை வலக்கையில் செய்துகொண்டிருந்தார். சுவடிதான் இடக்கையில் இருந்தது. ஒட்டியிருந்த புகைப்படமோ ஈரம் பாய்ந்து கறுத்துப்போயிருந்தது.

பொருந்தவில்லை, கொடுக்க முடியாது என்றேன்.

"எந்த ஊர்லம்மா தட்சிணாமூர்த்தி இடக்கையால உபதேசம் பண்றார்?" என்றார் குருக்கள். "எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

அரசுப் பதிவேட்டைத் தப்பு என்று சொல்ல ஒரு நடைமுறை உண்டு, வாயால் சொல்வது அந்த நடைமுறையில் வராது என்று விளக்கினேன். அதோடு என் மூளையும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எந்த ஊரிலும் இல்லாத இடக்கைத் திருமேனி என்றால் அது அபூர்வம். அபூர்வமானதைத்தான் திருடுவார்கள். திருடியவன் அதே உயரத்தில், அதே எடையில் சாதாரணமான ஒன்றை வார்த்து வைத்திருப்பான். அவ்வளவு அழகான தர்க்கத்தை நான் அதற்கு முன் கட்டியதில்லை. என் உதவியாளர் முருகேசன் தலையாட்டினார். போலீஸ்காரர் நோட்டை எடுத்தார்.

"மாறியிருக்கலாம்" என்று நான் ஒரு வரி எழுதினால் திருமேனி போலீஸ் காவலுக்கும், அங்கிருந்து கோர்ட்டுக்கும் போகும். அப்புறம் ஊர் அதை எப்போது பார்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனவர் குருக்கள். முதல் விசாரணை அவரிடம்தான். இது எனக்கு உறைப்பதற்கு முன்பே அவருக்கு உறைத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"குருக்களையா சந்தேகப்படறீங்க?" என்றார் கலியபெருமாள். "வெளக்குக்கு ஊத்தின எண்ணெ கையில பட்டா, அதையும் கோயில் தூண்லயே தொடச்சிட்டு வர்ற மனுஷன் மேடம் அவரு."

அதனால்தான் தூணெல்லாம் பிசுக்கா என்று கேட்க வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குருக்கள் அவரைக் கையமர்த்தினார். "அம்மா அவங்க வேலையப் பாக்கறாங்க, விடு." பிறகு என்னிடம், "எழுதறதுன்னா எழுதுங்க. இப்ப எம் பையன்தான் பூஜை பண்றான். அவன் பேரு மட்டும் அதுல வர வேண்டாம்."

என் கையில் இருந்தது தட்டச்சுப் பிரதி. மூலப் பதிவேட்டைப் பார்க்காமல் அறிக்கை அனுப்பக் கூடாது என்பதும் விதி. தஞ்சாவூர் ரெக்கார்டு ரூமுக்கு போன் செய்தேன். மறுநாள் மதியம் வரும் என்றார்கள். குருக்களையும் உடன் வந்தவர்களையும் அனுப்பிவிட்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று அறிக்கையின் வரைவை எழுதி முடித்தேன். தேதி மட்டும் பாக்கி.

புதன்கிழமை காலை எங்களுக்கு யோகா. ஊழியர்களின் மனஅழுத்தத்தைக் குறைக்க மேலிடம் உத்தரவு போட்டிருந்தது. வராதவர்களிடம் விளக்கம் கேட்கப்படும் என்றும் அதிலேயே இருந்தது. கற்றுத்தருபவர் அரசு மருத்துவமனை யோகா பிரிவின் டாக்டர் ஷாஹிதா, மயிலாடுதுறைக்காரர். எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, வலக்கையில் சின்முத்திரை வைக்கச் சொல்லிக்கொண்டே தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினார்.

பிழையைக் கண்டால் சும்மா இருக்கும் பக்குவம் எனக்கு இல்லை. சொல்வது வலது, காட்டுவது இடது என்றேன்.

"எதிர்ல இருக்கறவங்க கண்ணாடி பாக்கற மாதிரிதான் பாப்பாங்க மேடம். வேணும்னா என் வலதைக் காட்டறேன், எல்லாரும் அப்படியே செய்ங்க."

வலக்கையைத் தூக்கினார். பதினாறு பேரில் பதினோரு பேர் இடக்கையைத் தூக்கினோம்.

அதன்பிறகு எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்கள். நான் கண்ணைத் திறந்து என் இடக்கையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மூலப் பதிவேடு வந்தது. பக்கத்தைத் திறந்ததும் முருகேசன் குனிந்து பார்த்தார். கோப்புகளில் நான் எழுதிய குறிப்புகளை எல்லாம் படித்தவர் அவர்.

"மேடம், இந்த 'ழ' வாலு..."

"தெரியுது முருகேசன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இளநிலை உதவியாளராக நான்கு நாள் என்னைத் திருமேனிக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். ஸ்தபதி பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல். நானே சாமிகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் இடது, என் வலது என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு ஒன்பது திருமேனிகள். அதே பக்கத்தில் ஒரு நடராசர் வலக்காலைத் தூக்கியிருந்தார். பெட்டகத்தைத் திறந்து பார்த்தோம். அவர் வழக்கம்போல இடக்காலைத்தான் தூக்கியிருந்தார். ஒன்பது பேரையும் பார்த்தோம். ஒன்பது பதிவிலும் இடமும் வலமும் அப்படியே மாறியிருந்தன.

பதிவேட்டைத் திருத்த, எழுதியவரின் விளக்கமும் உதவி ஆணையரின் ஒப்புதலும் வேண்டும். கண்காணிப்பாளராக விளக்கம் கேட்டேன். முன்னாள் இளநிலை உதவியாளராக விளக்கம் கொடுத்தேன். விளக்கம் திருப்திகரமாக இல்லை, ஆனால் உண்மை என்று குறிப்பெழுதி அனுப்பினேன்.

உதவி ஆணையர் போனில் வந்தார். "உங்களுக்கு நீங்களே மெமோ குடுத்துக்கிட்டா நான் என்ன மேடம் செய்யறது?"

"ஒப்புதல் குடுங்க சார். சாமி வண்டில ஏறணும்."

மாலை ஐந்து மணிக்குக் குருக்கள் வந்தார். நடந்ததைச் சொன்னேன். எழுதினவன் தப்பா எழுதியிருப்பான் என்றீர்களே, அது நான்தான் என்றேன்.

குருக்கள் என்னைத் திட்டவில்லை. "அந்தத் திருத்தத்துக்கு முத்திரை போட்டு ஒரு நகல் குடுங்கம்மா. நாளைக்கு உங்க இடத்துக்கு இன்னொருத்தர் வருவாங்க. அப்ப எம் பையன் கையில ஒரு காகிதம் இருக்கணும்."

நகலுக்கு மனு கொடுத்து ஏழு நாள் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் இரண்டு பிரதியாகக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான். அதையும் கோப்பில் குறித்து வைத்தேன்.

மூலத்தைப் பார்க்கச் சொல்லும் விதிதான் குருக்களைக் காப்பாற்றியது என்று நான் இன்றும் வாதாடுவதுண்டு. கலியபெருமாள் ஒப்புக்கொள்வதில்லை. குருக்களை மாட்டிவிட்டதே விதிதானே என்கிறார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் உண்டு. இடம், வலம் எழுதும்போது திருமேனியின் பக்கத்தில் போய், அது பார்க்கும் திசையையே பார்த்து நின்று எழுதுங்கள். இன்னொருவர் பெயரைக் கெடுக்கக்கூடிய தாளை, மூலத்தைக் கையில் வைத்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அதில் இருப்பது உங்கள் கையெழுத்தாகவே இருக்கலாம்.