மொட்டத் தலையும் பேத்துப்பாறை மண்ணும்

மொட்டத் தலையில ஈரக் களிமண்ண அப்புனா மொதல்ல ஒரு சில்லிப்பு... முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கும். கொடைக்கானல் குளிர்ல கேக்கணுமா? பல்லு கிட்டிக்கும். அப்புறம் வெயில் பட பட, மண்ணு காய ஆரம்பிச்சு, தலைய யாரோ ரெண்டு கையால இறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்கும்.

எழுபத்தெட்டோ, எழுபத்தொம்போதோ. எனக்கு இருபது வயசு. ஏரிக்கிட்ட ஒரு ஸ்வெட்டர் கடையில சேல்ஸ் கேர்ள்.

அந்த வருசம் டைஃபாய்டுல படுத்தேன். எந்திரிச்சப்ப முடி கொத்துக் கொத்தாக் கையோட வந்துச்சு. "இருக்கறதையும் முருகனுக்கே குடுத்துருவோம்"னு அம்மா சொல்ல, பழனிக்குப் போயி மொட்ட போட்டுட்டு வந்தோம்.

அழுவேன்னு நெனச்சாங்க. நான் அழல. விட்டுது சனியன்னுதான் இருந்துச்சு.

ஆனா மலைக்கு வந்ததும் தலத்தோல் காஞ்சு செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுருச்சு. அரிப்புன்னா அப்படியொரு அரிப்பு. எண்ணெ வச்சாலும் அடங்கல. மேல கம்பளித் தொப்பி வேற... கேக்கவே வேணாம்.

கடையில முதலாளி ஒரு வார்த்த சொன்னாரு.

"முடி வளர்ற வரைக்கும் உள்ள உக்காந்து நூல் சுத்தும்மா. சீசன்ல வர்றவங்க ஒரு மாதிரி பாப்பாங்க."

நல்ல மனுசன்தான். ஆனாலும் அது சுருக்குன்னுச்சு. காய்ச்சல் வந்ததுக்கு நான் என்ன செய்ய? அப்படியே வேலைய விட்டுத் தூக்கிருவாரோன்னு பயமும் இருந்துச்சு.

என் கூட வேல பாத்தவ தங்கம். என் வயசுதான். சிலோன் தேயிலைத் தோட்டத்துல பொறந்து, குடும்பத்தோட இங்க மலையில பேத்துப்பாறை கிராமத்துக்கு வந்து குடியேறுனவ. ஒரு திங்கக்கெழம தூக்குச்சட்டியில மண்ணோட வந்தா.

"ஓடக்கரையில எடுத்தது. தோட்டத்து லயத்துல, அதான் கூலிக்காரங்க லைன் வீட்டுல, இருந்தப்ப நாங்க எல்லாரும் இப்படி மண்ணுலதான் தல கசக்குவோம். தலையக் காட்டு, விளங்குதா?"

வெளிர் மஞ்சள் மண்ணு. ராத்திரியே ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, கல்லு இல்லாம வெண்ணெ கணக்கா வச்சிருந்தா. மதியம் சாப்பாட்டு நேரம், கடைக்குப் பின்னாடி வெயில்ல உக்காத்தி வச்சுத் தலையில பூசுனா. மிச்சத்த ரெண்டு பேரும் மூஞ்சியில இழுவிக்கிட்டோம். முழுசாக் காயுறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு தண்ணி விட்டுக் கழுவிரணும். காய விட்டா தோல் வெடிக்கும்.

மண்ணு முடிய வளத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். முடி தானா வந்துரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. ஆனா அரிப்பு அடங்குச்சு. செதில் நின்னுச்சு. அத நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

அரிப்பு அடங்குறதுக்கு முன்னாடி ஒருநாள், மதியம் தலையில மண்ணோட உக்காந்திருக்கேன். மூஞ்சிக்கு இன்னும் பூசல. முன்னாடி திபுதிபுன்னு ஒரு டூரிஸ்ட் பஸ் கூட்டம். முதலாளி சாப்பிடப் போயிட்டாரு. தங்கம் ஒத்தையாத் திணறுறா. கழுவ நேரமில்ல... அப்படியே முன்னாடி போயி நின்னுட்டேன்.

மதுரைக்காரம்மா ஒருத்தங்க என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"பழனி போயிட்டு வந்தியாம்மா? சந்தனம் கனமா பூசியிருக்காங்களே."

தங்கம் ஆமான்னு சொல்லச் சொல்லிக் கண்ணக் காட்டுறா. எனக்குப் பொய் சொல்ல வாய் வரல.

"மொட்ட பழனியிலதாங்க. இது சந்தனம் இல்ல, களிமண்ணு. டைஃபாய்டுல முடி போயிருச்சு. தல உரியுதுன்னு போட்டிருக்கேன்."

அந்தம்மா மெதுவா முக்காட்ட விலக்குனாங்க. நெத்திக்கு மேல முடியே இல்ல.

"புள்ள பெத்ததுல இருந்து இப்படித்தாம்மா. வெளிய வரவே கூச்சமா இருக்கு. குளிருக்குப் போடுற மாதிரி எனக்கு ஒரு தொப்பி எடுத்துக் குடேன்."

ஓடிப்போயித் தலையக் கழுவித் தொடச்சுட்டு வந்தேன். ஒவ்வொரு தொப்பியா என் மொட்டையில மாட்டிக் காட்டுனேன். மெரூன் கலர் எடுத்தாங்க. அங்கேயே போட்டுக்கிட்டு, கண்ணாடியில பாத்து, முக்காடு இல்லாம வெளிய போனாங்க. அவங்களப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு வாங்குனாங்க.

திரும்பிப் பாத்தா வாசல்ல முதலாளி. எப்ப வந்தாரோ தெரியல. என் காதுக்குப் பின்னாடி ஒட்டியிருந்த மண்ணப் பாத்துக்கிட்டே சொன்னாரு...

"நாளையிலருந்து முன்னாடியே நில்லும்மா. மண்ண மட்டும் நல்லாக் கழுவிட்டு வா."

ஆறு மாசத்துல முடி காது வரைக்கும் வந்துருச்சு. ஆனா அன்னைக்கப்புறம் எந்தக் கூட்டத்துலயும் நான் தலகுனிஞ்சு நின்னதில்ல.

இப்ப அந்த ஓடக்கரையில காட்டேஜ் வரிசையா நிக்குது. மண்ணு டப்பாவுல வருது, க்ளே மாஸ்க்குன்னு. நல்லாத்தான் இருக்கு, கொற சொல்ல மாட்டேன். தங்கம் மக வீட்டோட திருப்பூர்ல இருக்கா. ஞாயித்துக்கெழம போன்ல பேசிக்குவோம்.

மாசம் ஒருக்கா அந்த டப்பா மண்ண நானே கொழச்சு, நானே தலையில பூசிக்கறேன்.

தங்கம் பூசிவிட்ட பின்மண்டைக்கு மட்டும் என் கை எட்ட மாட்டேங்குது.