சொந்த விருப்பம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். பதினோரு வருஷமாக அங்கே வந்த ரத்தக்கறை, சீழ்க்கறை எல்லாம் அவள் கை பட்டுத்தான் போயிருக்கின்றன. ஆனாலும் தற்காலிகம். பதினோரு மாதம் முடிந்ததும் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டுவார். அக்கா கையெழுத்துப் போடுவாள், ஒரே ஒரு நாள் வீட்டில் இருப்பாள், மறுநாள் புது ஆளாக வந்து அதே மிஷின் முன்னால் நிற்பாள். வருஷம் முழுசாக வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களாம். நல்லா இருக்கு நியாயம்.

போன மாதம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அக்காவுக்கு நாற்பத்தைந்து முடிய மூன்றே மாதம். இதை விட்டால் ஆயுசுக்கும் தற்காலிகம்தான், முட்டிவலி என்று ஒரு நாள் படுத்தாலும் சம்பளம் போச்சு. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எடுத்தாள்.

“ஏன் இந்த வேலைக்கு வர்றீங்கன்னு கேப்பாங்க. நோயாளிகளுக்குச் சேவை செய்ய ஆசைன்னு சொல்லு. சம்பளம்னு வாயத் திறக்காதே.”

“சேவை செய்யறவ எதுக்குடி இன்டர்வியூவுக்குப் போறா?” என்றாள் அக்கா. ஆனாலும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

அந்தக் கேள்வியே வரவில்லை. மேஜைக்கு நடுவில் புது அதிகாரி, ஓரத்தில் சூப்பர்வைசர். அதிகாரி ஃபைலைப் புரட்டினார்.

“பதினோரு தடவை வேலைய விட்டிருக்கீங்க. எல்லாத் தாள்லயும் காரணம் ‘சொந்த விருப்பம்’னு இருக்கு, கீழ உங்க கையெழுத்து. ஒரு இடத்துல நிலைச்சு நிக்காதவங்களுக்கு நிரந்தர வேலை எதுக்கும்மா?”

அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அந்தத் தாளை ஒரு தடவையாவது படித்திருக்கிறாளா? லீவு ஃபாரம் மாதிரி ஏதோ என்று நினைத்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போட்ட கையெழுத்து. அவள் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க சார், நான் எங்க போனேன்? வீட்டுல இருந்த அந்த ஒரு நாளும் மிஷின் ஓடலன்னு எனக்கு போன் போட்டது யாரு?”

அவர் அடுத்த ஃபைலை எடுத்து அதிகாரி பக்கம் தள்ளினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வேலை வேறு யாருக்கோ போயிற்று. இரண்டே வாரத்தில் பன்னிரண்டாவது தாளோடு சூப்பர்வைசர் சலவைக்கூடத்துக்கு வந்தார். “மனசுல வச்சுக்காதீங்க அக்கா, உங்களுக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன்,” என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜென்மம்.

அக்கா இந்த முறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘சொந்த விருப்பம்’ என்பதை அடித்துவிட்டு, ‘சூப்பர்வைசர் போகச் சொன்னார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. “இப்படி எழுதினா நாளன்னிக்கு உங்களுக்கு வேலை கிடையாது. தெரியும்ல?”

அக்கா பேனாவை அவர் கையில் திணித்தாள்.

“அதையும் எழுதிக் குடுங்க.”