வெள்ளிக் கட்டு

அண்ணையின் பாதம் போனால் வெங்காயத் தோட்டமும் போய்விடும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. சுன்னாகத்துத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி வலது கால் பெருவிரலில் பட்டது. அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. காயம் மாதக் கணக்காக ஆறாமல் கிடக்க, ஆஸ்பத்திரியில் கடைசியாக வெள்ளிக் கட்டுப் போட்டார்கள்.

அண்ணைக்கு அதில் பெரிய புளுகமும் பெருமையும். கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் ஆர்வமாக விளக்கியிருந்தார். அந்தத் துணியில் கண்ணுக்குத் தெரியாத நானோ வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. அவை மெல்ல மெல்ல வெள்ளியை வெளியே விட்டுக் கிருமியைக் கொல்லும். இனிமேல் அப்படியான துகள்களின் மேல் மருந்தை ஏற்றி, உடம்பில் வேண்டிய இடத்துக்கே அனுப்பவும் ஆராய்ச்சி நடக்கிறதாம். பார்க்க வந்த சனத்தோடெல்லாம் அண்ணை இதையே கதைத்தார்.

"பொம்பிளையள் மாதிரி நானும் காலில வெள்ளி போட்டிருக்கிறன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

கட்டுப் போட்ட தாதி, மிஸ்ஸி, வீட்டுக்கு விடும்போது தெளிவாகச் சொல்லியிருந்தார். "நாங்கள் தாற தண்ணியால மட்டும் துணியை நனையுங்கோ. உப்புத்தண்ணி கூடாது, உப்பு வெள்ளியை வேலை செய்ய விடாது. தோல் சாடையாக் கறுக்கும், அதுக்குப் பயப்பிடாதேங்கோ."

வீடு அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டது. முள்ளுக் குத்தினாலும் பல்லுப் பிடுங்கினாலும் எங்கள் சனத்துக்கு உப்புத்தண்ணிதான். அண்ணையின் மனைவி, என் மச்சாள், உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அதிலேயே துணியை நனைத்தார். கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மச்சாள், மிஸ்ஸி வேண்டாமெண்டு சொன்னவ எல்லோ?"

"வெறும் தண்ணியில புண் சுத்தமாகுமே? நீங்கள் சும்மா இருங்கோ."

நித்திரை முழித்துப் புருஷனைப் பார்க்கிற மனுசி. அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவுதான் கத்துவது? அண்ணையும் அவர் பக்கம்தான். "உனக்கு எல்லாத்திலயும் பயம்" என்றார்.

பெருவிரல் கறுத்தது. "வெள்ளி இறங்குது" என்று அண்ணை சந்தோஷப்பட்டார். பிறகு பக்கத்து விரலும் கறுத்தது. கிளினிக் நாள் வருமட்டும் பொறுப்போம் என்றார்கள். ஒருநாள் பின்னேரம் அறைக்குள் போனபோது கட்டைச் சுற்றி இலையான்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. மச்சாள் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார், அதையும் மீறி ஒரு மணம் வந்தது.

"மருந்து மணம்" என்றார் அண்ணை.

இவர்கள் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியமில்லை என்று ஓட்டோ பிடித்து ஏற்றினேன். வழி முழுக்க அண்ணை என்னை ஏசிக்கொண்டு வந்தார், நானும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி கட்டை அவிழ்த்து ஈரப் பஞ்சால் துடைத்தார். கொஞ்சம் சாம்பல் கறை பஞ்சில் வந்தது. விரல்களின் கறுப்பு அப்படியே இருந்தது. அவர் உடனே போய் டொக்டரைக் கூட்டிவந்தார். டொக்டர் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார், பிறகு பாதத்தில், பிறகு இன்னும் மேலே.

"ஐயா, நோகுதோ?"

"துப்பரவா நோகேல்லை டொக்டர்!" அண்ணை என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

டொக்டர் சிரிக்கவில்லை. மச்சாளின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, இனிப் பிந்தேலாது. இண்டைக்கே காலை எடுக்கவேணும்."

மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தார். அண்ணையின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. பக்கத்துக் கட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆரின்ரை காலை?"