பெட்ரோல் பம்ப்போடு ஒரு படம்

என் கணவர் இறந்த அன்று, மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். மகள் அவருடைய கைபேசியைத் திறந்து தேடினாள். முழுக்க முழுக்கப் பெட்ரோல் பம்ப். சிவப்பு பம்ப், பச்சை பம்ப், துரு சுரண்டுவதற்கு முன், சுரண்டிய பின். மனுஷன் முகம் ஒன்றுகூட இல்லை.

பழைய பெட்ரோல் பம்ப் எந்திரங்களை வாங்கிவந்து அழகுக்கு வைப்பதுதான் அவருக்குப் பைத்தியம். கார் வாங்க வக்கில்லாத எங்கள் சிங்கப்பூர் செங்காங் நாலறை வீட்டின் கூடத்தில், ஆளுயரத்துக்கு இரண்டு நின்றன. சக்களத்தி ஒன்றுக்கு இரண்டு என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும். ஒரு மழை நாளில் ஈரத்துணியை அதில் ஒன்றின் மேல் போட்டதற்கு, "தொடாத லா! பெயிண்ட் போயிடும்," என்று குதித்தவர், நான் காய்ச்சலில் கிடந்தால் என்ன ஏது என்றுகூடக் கேட்கமாட்டார்.

எங்கள் கல்யாண நாள் ஒன்றில் மரினா பே பக்கம் போயிருந்தோம். தோளில் கைபோடுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "எல்லாரும் பாக்குறாங்க லா," என்று தள்ளி நின்றுகொண்டார். படம் எடுக்கவே இல்லை.

கடைசியில், அவரைப் போலவே பம்ப் சேர்க்கும் நண்பர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். ஜொகூரில் மூடிக்கிடந்த பெட்ரோல் ஸ்டேஷனில் முதல் பம்ப்பை வாங்கிய நாளில் எடுத்ததாம். அதன் மேல் கைபோட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆனால் வேறு படம் கிடையாதே.

தேக்கா கடைத்தெருவில் படக்கடைக்காரர், "அக்கா, பக்கத்துல இருக்குற பம்ப கட் பண்ணிடுறேன். கை மட்டும் நீட்டுன மாதிரி தெரியும், பரவால்லயா?" என்று கேட்டார்.

பரவாயில்லை, வெட்டுங்கள் என்றேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே படத்தை வைத்து மாலை போட்டோம். நாத்தனார் வந்து அதன் முன்னால் நின்று அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, உங்க தோள்ல கைபோட்டு எடுத்த படமா இது? அண்ணன் மொகத்துல எவ்ளோ சந்தோஷம் பாருங்க!"

மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றேன். "மரினாவுல, எங்க கல்யாண நாளன்னிக்கு எடுத்தது."