ரெண்டு என்று சொன்ன வீடு

ஆபீசில் எல்லோரும் அவளைக் கோணல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், முகத்துக்கு நேராகவே. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளுடைய புருஷன் அவள் முகத்தைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினான். தாடை இரண்டு இடத்தில் உடைந்து, ஒட்டும்போது இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டது. சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கும். அவனை விட்டுவிட்டு அவள் தங்கை வீட்டுக்கு வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் இந்த வேலையில் நிலைத்தாள்.

வேலை இதுதான். கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஒரு அட்டை. அந்த அட்டையில் பத்துப் படி வைத்த ஏணி ஒன்று வரைந்திருக்கும். அதை நீட்டி, "உங்க வாழ்க்கையில சந்தோஷம் எத்தனாவது படியில இருக்கு?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு இன்னும் இருபத்து மூன்று கேள்விகள். ஊர் ஊராக இப்படிச் சேர்த்து, எந்த ஊர் ரொம்ப சந்தோஷமானது, எது ரொம்ப சோகமானது என்று வருடத்துக்கு ஒருமுறை வரிசை போடுவார்கள். போன வருடம் அவர்கள் ஊருக்குப் பதினோராவது இடம்.

ஊர்க்காரர்கள் அதை வைத்துப் பேசுவதை அவளைப்போலக் கேட்டவர்கள் இருக்க முடியாது. அடுப்பங்கரைத் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு குழாய் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பிளம்பர், தலையை வெளியே எடுக்காமலே கேட்டான்: "பதினோராவதா? அப்ப பத்தாவது ஊர்ல தண்ணி ஒழுங்கா வருதாமா?" ஒரு கிழவர் ஏணிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எந்தப் பக்கம் மேல் என்றார். நாய் கடித்திருக்கிறது. ஒருத்தி மாடியிலிருந்து அழுக்குத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள். கதவிடுக்கில் விரல் நசுங்கியதை அவள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அந்த மத்தியானம் அவளுக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் இரண்டு கதவுகள் எதிரெதிரே. முதல் கதவில் ஒரு நடுத்தர வயது அம்மாள், முழங்காலைத் தடவிக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித் தன் சந்தோஷத்துக்கு எட்டுப் போட்டாள். எதிர்க்கதவைத் திறந்தவன் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவனுக்கு லீவு. கருவிப்பை வாசலுக்கு உள்ளே கிடந்தது. மரியாதையாக நாற்காலி போட்டான், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினான்.

"ஒன்பது போடுங்க மேடம்," என்றான். "பத்துன்னு போட்டா பொய்னு நினைப்பாங்க."

வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரிடமும் முதலில் ஏணியைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் மற்றக் கேள்விகளுக்குப் போக வேண்டும். தனியாகக் கேட்க வேண்டும் என்பதும் விதி. மெக்கானிக்கின் மனைவி உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றாள். வேர்த்துக் கொட்டும் வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் சட்டை. கையைத் தூக்கி முடியை ஒதுக்கியபோது சட்டைக் கை கொஞ்சம் நழுவியது. மஞ்சளும் பச்சையுமாக நாலு விரல் அடையாளம்.

கோணல் அக்காவுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவேண்டியிருக்கவில்லை. அந்த நிமிஷமே டேப்லெட்டை மூடிக்கொண்டு எழுந்திருக்கலாம். புருஷனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதையும் சேர்த்து ஐந்து வீடு பாக்கி. அதோடு, இவள் எப்படியும் ஏழோ எட்டோ சொல்வாள் என்று நினைத்தாள். தாடை உடைந்த அன்று டாக்டர் கேட்டபோது, புருஷன் பக்கத்தில் நிற்க, படியில் விழுந்தேன் என்று சொன்னவள்தானே அவளும்.

கேட்டாள். மனைவி ஏணியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு," என்றாள்.

மெக்கானிக் சிரித்தான். "அவளுக்குக் கேள்வி புரியல மேடம். திரும்பக் கேளுங்க."

கோணல் அக்கா திரும்பவும் கேட்டாள். பிற்பாடு தூக்கம் வராமல் புரண்ட நாட்களிலெல்லாம் அவளை அறுத்தது அந்த இரண்டாவது தடவைதான்.

"புரிஞ்சுதான் சொன்னேன்," என்றாள் மனைவி. "ரெண்டு."

"சரி, இன்னொரு நாள் வாங்க மேடம்," என்று மெக்கானிக் எழுந்தான். வாசல் வரை வந்து வழியனுப்பினான். படி பார்த்து இறங்கச் சொன்னான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த சத்தம், தண்ணீர்க் குடம் கீழே விழுவதைப்போல இருந்தது. விழுந்தது குடமில்லை.

அவள் கால் தானாக இறங்கியது. ஒரு மாடி இறங்கியும் விட்டாள். அங்கே நின்றபோது மேலேயிருந்து அலறல் வந்தது. பிறகு அது பாதியில் நின்றது. அலறும்போது நகராதவள், அது நின்றபோதுதான் திரும்பினாள். ஏறி ஓடினாள். கதவை இரண்டு கையாலும் அடித்தாள். எதிர்வீட்டு அம்மாள் சங்கிலி மாட்டிய கதவை நாலு விரல் அகலம் திறந்தாள்.

"தினம் நடக்கிறதும்மா இது," என்றாள், கால் மணி முன்பு எட்டுப் போட்டவள். "நீங்க போய்ப் பொழைப்பைப் பாருங்க."

உள்ளே யாரோ தாழ்ப்பாளை இழுத்தார்கள். கதவு திறந்தது. மனைவி வெளியே வரப் பார்த்தாள், முகத்தில் பாதி ரத்தம். பின்னாலிருந்து மெக்கானிக் கொத்தாக முடியைப் பிடித்து அவளைத் தரையோடு உள்ளே இழுத்துப் போனான். இன்னொரு கையில் மரமுக்காலி. அதன் ஒரு கால் ஏற்கனவே ஒடிந்திருந்தது.

கோணல் அக்கா உள்ளே போனாள். கருவிப்பையில் கைக்கு முதலில் அகப்பட்டது முழங்கை நீளத்தில் ஒரு ஸ்பேனர். முக்காலியை அவன் ஓங்கியபோது, ஓங்கிய கையின் முட்டியில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். அடுத்தவர் எலும்பிலிருந்து வந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

அவன் கத்தவில்லை. திரும்பி, நல்லாயிருந்த கையால் அவள் தாடையில் குத்தினான். சுவரில் மோதி உட்கார்ந்தாள். வாய்க்குள் பல் ஒன்று கல்லைப்போல உருண்டது. எழுந்திருக்கவே விடாமல் வயிற்றில் ஏறி மிதித்தான். "என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்டாட்டிகிட்ட கேள்வியா கேட்கிற?" என்றான், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொல்லாக. அவள் படுத்தபடியே ஸ்பேனரை அவன் முழங்கால் சில்லில் வீசினாள். அவன் மரம் சாய்வதைப்போலச் சாய்ந்தான்.

அப்போதுதான் மனைவி எழுந்தாள். அழவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. முக்காலியை எடுத்து அவன் முதுகில் அடித்தாள். பிறகு தோளில். பிறகு தலையில். துணி துவைக்கிறவளைப்போல ஒரே சீராக அடித்தாள். முக்காலி துண்டு துண்டாகப் போன பின்னும், கையில் மிஞ்சிய கட்டையால் அடித்தாள். கோணல் அக்கா தவழ்ந்துபோய் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள்.

"போதும், செத்துருவான்."

"சாகட்டும்."

"நீ ஜெயிலுக்குப் போவ."

"இது மட்டும் வீடா?" என்றாள் மனைவி. ஆனால் கட்டையைக் கீழே போட்டாள்.

அவன் சாகவில்லை. தலையில் பதினெட்டுத் தையல், கையில் மாவுக்கட்டு. போலீஸ் மூன்று பேர்மேலும் வழக்கு எழுதியது. மனைவியின் இடக்கண்ணை டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. கோணல் அக்காவின் தாடை இந்தத் தடவை வலப்பக்கம் உடைந்து, வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். முதலில் டேப்லெட் பத்திரமா என்று கேட்டான்.

"அந்த வீட்ல ரெண்டு ஃபாரமும் பாதியில நிக்குதுக்கா. அரைகுறை ஃபாரத்தை எடுத்துக்க மாட்டாங்க. பூட்டியிருந்த வீடுன்னு போட்டுடறேன்."

அவளால் பேச முடியாது. அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள்: வீடு பூட்டியிருக்கவில்லை. அவன் படித்தான். சீட்டை மடித்து அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான்.

மனைவி அதே வார்டில், நாலு கட்டில் தள்ளி இருந்தாள். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ரெண்டுன்னு சொன்னது தப்பில்லக்கா," என்றாள். "நீங்க கேட்டதும் தப்பில்ல. அவன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது கேட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு."

கோணல் அக்காவுக்கு வாய் கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. கையை நீட்டினாள். மனைவி அந்தக் கையை எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போகவும் இல்லை. சாப்பாடு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலு மாதம் கழித்து வரிசை வந்தது. அவர்கள் ஊர் ஏழாவது இடத்துக்கு ஏறியிருந்தது. பாலத்தில் பெரிய பேனர் கட்டினார்கள். மனைவி அப்போது அண்ணன் வீட்டிலிருந்து ஒரு சலவைக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோணல் அக்கா அங்கே போனபோது, நீராவிக்கு நடுவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது அதுல இருக்கா?"

"இல்ல."

"சேர்த்திருந்தா?"

"ஏழாவதுதான் வந்திருக்கும். ஒரு வீட்டால ஒண்ணும் மாறாது."

மனைவி ஒரு விரிப்பை உதறி, இன்னொரு முனையை அவளிடம் கொடுத்தாள். இரண்டு பேருமாக மடித்தார்கள். "இப்ப கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்," என்றாள். "கண்ணு போச்சு, கேஸு இழுக்குது, அண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா. ஆனா சொன்னா அடிக்க ஆள் இல்ல. அதுக்கு உங்க ஏணியில படி இருக்கா?"

"இல்ல," என்றாள் கோணல் அக்கா. அவர்கள் மடிக்க இன்னும் நாற்பது விரிப்பு இருந்தது. மடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவள் வேலையை விடவில்லை. புதுச் சுற்று தொடங்கிய மூன்றாவது நாள், ஒரு மாடி வீட்டில், பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் கீழே இருங்கள் என்று ஒருவனிடம் சொன்னாள். என் வீட்டில் நான் எங்கே நிற்க வேண்டும் என்று நீ சொல்வாயா என்று அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். ஐந்து படி உருண்டாள். மணிக்கட்டு பிசகியது, டேப்லெட் உடைந்தது. அவள் எழுந்து, திரும்பவும் ஐந்து படியும் ஏறிப் போய், அந்த ஆள் கீழே இறங்கும்வரை அவன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.