தண்ணீர்ப்பாம்பு யாரையும் குறிப்பதல்ல

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். சிறுகதைப் பக்கங்கள் என் பொறுப்பு. ஒரு நாள் காலையில் நூற்பாலை மேனேஜர் ஒருவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மணி, போன இதழ்ல ஒரு தண்ணிப்பாம்பு வந்துச்சுங்களே, அது நானுங்களா?" என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த ஆலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்த ருக்மணி எங்களுக்கு அவ்வப்போது கதை எழுதுவார். ஆலையில் திடீரென்று லே-ஆஃப் என்று சொல்லி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஞ்சு வந்ததும் திறப்போம் என்று கேட்டில் போர்டு மாட்டினார்கள். பஞ்சு வரவில்லை. ருக்மணி அதையே கதையாக எழுதிக் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது. கம்போசிங்குக்கு அனுப்பினேன். புரூஃபைப் பார்த்த பத்திரிகை முதலாளி சாமியப்பன் பதறிப்போய் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, தீபாவளி மலருக்குப் பின்னட்டை விளம்பரமே அந்த மில்லுதானுங்க. மில்லுங்கற பேச்சே கதையில வரப்படாது. இயற்கையா எதாச்சும் வெச்சு எழுதச் சொல்லுங்க. மரம், மட்டை, மழை, அந்த மாதிரி."

ருக்மணியிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் கதைத்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "கெணறு இயற்கைங்களா அக்கா?" என்றார். கிணத்துக்கடவுப் பக்கம் அவர் அப்பாவின் தோட்டத்துக் கிணறு வற்றிப்போயிருந்தது.

திரும்ப எழுதி வந்த கதையில் ஆலை இல்லை. வற்றும் கிணறு, அடியில் சேறு, சேற்றில் தவளைகள். தண்ணீர்ப்பாம்பு ஒன்று தினமும் வந்து, "அடுத்த வாரம் ஊத்து வந்துருமுங்க, பொறுத்துக்கங்க" என்று சொல்லும். சொல்லிவிட்டு, "கொஞ்சம் நகருங்க கண்ணு" என்று ஒரு தவளையை விழுங்கும். கடைசியில் ஒரு தவளை கல் கல்லாகப் பற்றி வெளியே ஏறி வருகிறது. வெளியே வெயில். அதோடு கதை முடிகிறது.

"ஒரு வில்லங்கமும் இல்லீங்க" என்று முதலாளியே அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வந்த வாரமே வேலை கேட்டு ஆலை கேட் முன்னால் உட்கார்ந்திருந்த தொழிலாளர்கள் கோஷம் போடுவதை விட்டுவிட்டார்கள். மேனேஜர் கார் வரும்போதெல்லாம் மொத்தப் பேரும் தவளை மாதிரிக் கத்தினார்கள். போலீஸ் வந்தது. தவளை மாதிரிக் கத்துவதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. அதனால்தான் மேனேஜர் எங்களிடம் வந்தார்.

"நானும் எல்லார்த்துகிட்டயும் மரியாதையாத்தான் பேசறேனுங்க. அதுக்காக என்னையப் பாம்புன்னு எழுதறதுங்களா?"

"நம்மூர்ல மரியாதை இல்லாம யாருங்க பேசறாங்க?" என்றார் முதலாளி. "பாம்புன்னாலும் அது நம்மூர்ப் பாம்புங்க."

மேனேஜர் சமாதானமாகவில்லை. மறுப்புப் போட்டே ஆக வேண்டும் என்றார். 'சென்ற இதழ்ச் சிறுகதையில் வந்த தண்ணீர்ப்பாம்பு எந்த ஆலையின் மேனேஜரையும் குறிப்பதல்ல' என்று கட்டம் கட்டிப் போட்டோம்.

அதுவரை கதையைப் படிக்காதவர்களும் பழைய இதழைக் கேட்டு வந்தார்கள். வேறு இரண்டு ஆலைகளிலிருந்து, அந்தக் கிணறு தங்களுடையது அல்ல என்றும் போடச் சொல்லி போன் வந்தது. தீபாவளி விளம்பரம் போயே போய்விட்டது. பின்னட்டையைக் காலியாக விட முடியாமல் ஒரு அருவிப் படம் போட்டோம். பார்த்தவர்களெல்லாம் அருவி யார் என்று கேட்டார்கள்.

ஆலை கடைசிவரை திறக்கவில்லை. ருக்மணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேரப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். பையைத் தரையில் வைக்கவும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வெளியே வந்த தவளை எங்கே போனது என்று கேட்டு வாசகர் கடிதங்கள் குவிந்திருந்தன. பதில் போட வேண்டுமே என்று அவரிடமே கேட்டேன்.

"அதுக்கே தெரியாதுங்க அக்கா" என்றார். "போற எடம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேல ஏறுவேன்னு இருந்திருந்தா, அது இன்னும் சேத்துலயே கெடந்திருக்குமுங்க."

அந்தப் பதிலை அப்படியே அச்சிட்டேன். அதற்குப் பிறகு, முடிவு தெளிவாக இல்லை என்று சொல்லி எந்தக் கதையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.