கடைக்காரிகளின் கடைசி அத்தியாயம்

அத்தா மௌத்தான பிறகு கள்ளக்குறிச்சியில் எங்கள் பாத்திரக்கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கூடவே தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ். கூட்டமில்லாத மத்தியானங்களில் கல்லாவில் உட்கார்ந்தபடியே, பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களில் வியாபாரம் செய்த பெண்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினேன். "அப்பவே நம்மள மாதிரி ஜனங்க இருந்திருக்காங்களா!" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

இருந்தார்கள். தொப்பிக் கடைக்காரி, சத்திரக்காரி, புருஷன் செத்தபின் ஆலையை நடத்துகிறவள். ஒருத்தியிடமும் யாரும் பேரம் பேசுவதில்லை. ஜன்னலோரம் பெருமூச்சு விடவே அவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம், கடைக்குப் பூட்டு. இருந்த சரக்கெல்லாம் எங்கே போச்சு என்று ஒரு எழுத்தாளருக்காவது சொல்லத் தோன்ற வேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டுரை முடிகிற நேரத்தில் ஒரு வரன் வந்தது. அது அமைய வேண்டும் என்று அம்மா ஓயாமல் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பிரியாணி தேக்சா வாங்குவதுபோலக் கடைக்கு வந்தார்கள். பெண் பார்க்கிறார்களாம், எனக்குத் தெரியாதாம். நான் தேக்சா எடுக்க எழுந்ததும் மாப்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். கரியாலூரிலிருந்து அண்டா வாங்க வந்தவர் நேரே அவரிடம், "மொதலாளி, இது இன்னா வெல?" என்றார். "பாத்துப் போட்டுக் குடுக்கலாம்" என்கிறார் இவர்!

என்னை எல்லோரும் முதலாளியம்மா என்பார்கள். அது முதலாளியின் சம்சாரத்துக்கு உள்ள சொல். முதலாளி யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிக்காவுக்கப்புறம் கடைய அவன் பாத்துக்குவாம்மா. நீ வூட்ல ஒக்காந்துகினு எவ்ளோ வேணா படி." அன்பாகத்தான் சொன்னார்.

"கடைய எப்பவும் நான்தாங்க பாத்துக்குவேன்" என்றேன். கையை விட்டார். தேக்சாவை எடை போட்டு பில் போட்டேன். மாப்பிள்ளை பணத்தை எண்ணி வைத்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அம்மா கடைக்கு ஓடி வந்தாள். "இன்னாடி ஆச்சி?"

"தேக்சா வாங்கினு போய்ட்டாங்கம்மா."

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "அந்தப் புள்ளைக்கு இன்னாடி கொற?"

"ஒண்ணுமில்ல. கடைய கேட்டாங்க."

அம்மாவின் அழுகை நின்றது. "ஒங்க அத்தா இருந்த வரைக்கும் இந்தக் கல்லாவுல என்னை ஒரு நாளும் ஒக்கார வுட்டதில்ல" என்றாள்.

நான் கல்லாவிலிருந்து எழுந்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.